வலது காதுக்கான வடிகட்டி

ஸ்ரீரங்கத்திலிருந்து கிளம்பும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் அக்கா எப்போதும் இடப்பக்க வரிசையில் ஜன்னலோரமாகத்தான் உட்காருவார். அந்த இடம் கிடைக்காவிட்டால் நின்றுகொண்டே வருவார். பின்னால் இருக்கை காலியாக இருந்தாலும் போகமாட்டார். காவிரிப் பாலத்தில் பஸ் ஏறும்போது ஆற்றைப் பார்க்கத்தான் இந்தப் பிடிவாதம் என்று நினைத்திருந்தேன். ஆனால் தண்ணீர் இரு கரையும் தொட்டு ஓடிய ஆடி மாதத்தில்கூட அவர் வெளியே பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பி என் முகத்தையே பார்த்துக்கொண்டு வருவார். துறையூரில் எங்கள் வீட்டில் நாங்கள் ஐந்து பெண்கள். யார் பேசினாலும் மற்றவர்கள் பாதியைக் காதில் வாங்கிக்கொண்டு தம் வேலையைப் பார்ப்பார்கள். அப்படி வளர்ந்தவளுக்கு, ஒருவர் தன் பேச்சை இப்படி விழுங்கிவிடுவதுபோலக் கேட்பது பெரிய கௌரவமாக இருந்தது. அவர் என் உதடுகளைப் படித்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியவர ஒன்றரை வருடம் ஆயிற்று.

திருச்சிக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் நாங்கள் இருவரும் ஆராய்ச்சி மாணவிகள். அவர் என்னைவிட மூன்று வருடம் மூத்தவர். லேபில் எல்லோருக்கும் சீனியர், எனக்கு மட்டும் அக்கா. நான் ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கியிருந்தேன். அவர் வீடு இரண்டு தெரு தள்ளி. காலையில் சேர்ந்து கிளம்புவோம், சாயங்காலம் சேர்ந்து திரும்புவோம். எங்கள் இருவருக்கும் வழிகாட்டி ஒரே பேராசிரியர். அவரை நாங்கள் சார் என்றே சொல்வோம், இங்கேயும் அப்படியே சொல்கிறேன். அவர் எங்களிடம் கொடுத்த வேலை, காது கேட்கும் கருவிக்குள் வைக்கும் சிப்பில் ஒலியைப் பிரிக்கும் வடிகட்டியைச் சிக்கனமாக வடிவமைப்பது.

காது மந்தமானவருக்கு எல்லாச் சத்தமும் ஒரே அளவில் குறைவதில்லை. பலருக்குக் கனத்த ஒலிகள் நன்றாகவே கேட்கும். மெல்லிய, கீச்சென்ற ஒலிகள்தான் போய்விடும். அதனால் வருகிற சத்தத்தை அப்படியே பெருக்கிக் காதில் கொட்டினால் பிரயோஜனமில்லை. அதைப் பல பட்டைகளாகப் பிரித்து, எந்தப் பட்டை அந்தக் காதுக்கு எட்டவில்லையோ அதை மட்டும் தூக்கிக் கொடுக்க வேண்டும். பிரிப்பதுதான் வடிகட்டியின் வேலை. அதற்குள் ஓயாமல் பெருக்கல் நடந்துகொண்டிருக்கும். சட்டைப் பொத்தான் அளவு பேட்டரியை ஒரு பெருக்கல் எவ்வளவு வேகமாகத் தின்றுவிடும் என்பது இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஆகவே பெருக்கலே இல்லாமல் பெருக்க வேண்டும். ஏழால் பெருக்க வேண்டுமானால் எட்டால் பெருக்கி ஒருமுறை கழித்துவிடலாம். எட்டால் பெருக்குவதற்கு சிப்பில் ஒன்றுமே செலவில்லை, கம்பிகளை மூன்று இடம் தள்ளி இணைத்தால் போதும். இரண்டு எண்களுக்குப் பொதுவாக ஒரு கூட்டல் இருந்தால் அதை ஒரே ஒருமுறை செய்து இரண்டுக்கும் பகிரலாம். அக்கா இதைக் கம்ப்யூட்டருக்கு விடமாட்டார். கட்டம் போட்ட தாளில் பென்சிலால் எழுதி, எங்கே ஒரு கூட்டலை மிச்சம் பிடிக்கலாம் என்று மணிக்கணக்கில் தேடுவார். ஒன்று அகப்பட்டால் என்னைக் கூப்பிடமாட்டார், தனக்குள்ளேயே ஒரு சிரிப்பு. கூட்டத்தில் தொலைந்த குழந்தை கிடைத்துவிட்டதைப்போல அந்தத் தாளைத் தடவிக்கொடுப்பார்.

சாருக்கும் அவருக்கும் ஒரே ஒரு விஷயத்தில்தான் ஒத்துப்போகவில்லை. சார் சொன்ன முறையில், ஒரே சின்ன வடிகட்டியை நீட்டி நீட்டிப் பலமுறை பயன்படுத்தலாம். கூட்டல்களின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கும், ஆய்வுக் கட்டுரையில் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதில் உள்ளே போன சத்தம் வெளியே வரக் கொஞ்சம் தாமதமாகும். கண் இமைக்கும் நேரத்தில் ஒரு துளிதான். அக்கா அந்தத் துளியை ஒப்புக்கொள்ளவே இல்லை. தாமதம் குறைந்த, ஆனால் கூட்டல்கள் கூடுதலான வேறொரு வடிவத்தை எடுத்துக்கொண்டு, அதில் ஒவ்வொரு கூட்டலாகக் குறைத்துக்கொண்டிருந்தார். மாதங்கள் ஓடின.

ஒருநாள் சார் பொறுமையிழந்து கேட்டார். "இந்த டிலேயை யாரும்மா கவனிக்கப்போறாங்க? ஒண்ணுமே கேக்காதவங்களுக்கு ஏதோ கேட்டா போதாதா?"

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கேக்காதவாதான் சார் கவனிப்பா."

சார் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அவர் கெட்டவர் இல்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் எங்களுக்கு வீட்டிலிருந்து மைசூர்பாகு கொண்டுவருவார். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நடந்ததை முழுக்க அவர் தலையில் கட்டிவிட்டு நான் ஒதுங்கிக்கொள்ளக் கூடாது.

எனக்கு விஷயம் தெரிந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். லேபில் சோதனைப் பலகை ஒன்றுக்கு மின்சாரம் கொடுத்தபோது அதன் ஒலிபெருக்கி கீச்சென்று கத்த ஆரம்பித்தது. பல்லில் ஊசி ஏற்றுவதைப்போன்ற சத்தம். பக்கத்து மேசையில் இருந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டு எழுந்தார்கள், வராந்தாவில் போன வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். அந்தப் பலகைக்கு மிக அருகில் உட்கார்ந்திருந்தவர் அக்கா. அவர் குனிந்து பென்சிலால் எழுதிக்கொண்டே இருந்தார். யாரோ ஓடிவந்து ஸ்விட்சை அணைத்தபோதுதான் நிமிர்ந்து, எல்லோரும் ஏன் நிற்கிறார்கள் என்று பார்த்தார். பிறகு, மற்றவர்களைப் பார்த்துவிட்டு, ஒரு கணம் தாமதமாகத் தானும் காதைப் பொத்திக்கொண்டார். சத்தம் நின்றுபோன பிறகு. அதை வேறு யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்துவிட்டேன் என்பதை அவர் கவனித்தார்.

அன்று திரும்பும்போது பஸ் மெயின் கார்டு கேட் தாண்டியது. பிறகு அவராகவே சொன்னார். ஒன்பதாம் வகுப்பில் ஒரு விஷக்காய்ச்சல். உயிர் பிழைத்ததே பெரிது என்று டாக்டர் சொன்னாராம். இடது காது அடியோடு போயிற்று. வலது காதில் கனத்த ஒலிகள் மட்டும் தங்கின. பஸ் இரைச்சல் கேட்கும், கோயில் மணி கேட்கும், ஆண்கள் பேசும்போது குரல் கேட்கும், ஆனால் வார்த்தைகளின் ஓரங்கள் தேய்ந்துபோயிருக்கும். மிச்சத்தை முகத்தைப் பார்த்து ஊகித்துக்கொள்வார். வீட்டில் ஒரு காது கொஞ்சம் மந்தம் என்பதுவரைதான் தெரியும். மற்றதை அவர்களிடமும் மறைத்திருந்தார்.

"ஏன்க்கா மெஷின் வச்சுக்கல?" என்று கேட்டேன்.

"வாங்கினேனே. மெட்ராஸ் போய் வாங்கிண்டு வந்தேன், யாருக்கும் தெரியாம. நாலு நாள் போட்டுண்டேன். நான் பேசறது எனக்கு ரெண்டு தடவை கேட்டுது. என் குரல் நேரா ஒரு தடவை, மெஷின் வழியா கொஞ்சம் கழிச்சு ஒரு தடவை. யாரோ பின்னாடி நின்னுண்டு நான் சொல்றதையெல்லாம் கேலி பண்ற மாதிரி இருந்துது. கழட்டி வச்சுட்டேன்."

அப்போதுதான் அந்தத் துளித் தாமதத்துக்காக அவர் எதற்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார் என்று புரிந்தது. எங்கள் சோதனைத் தரவுகளில் பெயரில்லாத ஒரு காதின் அளவுகள் இருந்தன. எங்கோ ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கியது என்று நான் நினைத்த அது, அவருடைய வலது காது.

"எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்டி," என்றார். "அப்பா தினம் விடியக்காலம் பெருமாள் உள்ளுல விளக்கேத்தி, அதுக்கு முன்னாடி உக்காந்து பாசுரம் சேவிப்பார். குரல் தெரியறது. ராகம் தெரியறது. வார்த்தை தெரியலை. சின்ன வயசுல மனப்பாடம் பண்ணினதை வச்சு நானே ரொப்பிக்கறேன். அவர் எங்கேயாவது தப்பா சொன்னாக்கூட எனக்குச் சரியாத்தான் கேக்கும். ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவர் சொல்றதையே கேக்கணும்." பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தார். "யார்கிட்டயும் சொல்லாதே. சாரண்டை முக்கியமா சொல்லாதே. தெரிஞ்சா அப்புறம் நான் எது பண்ணினாலும் அது என் காது பண்ணினதா ஆயிடும்."

சொல்ல மாட்டேன் என்றேன். அந்தச் சொல் ஏழு மாதம் நின்றது.

ஆண்டாய்வுக் கூட்டத்துக்கு வெளியூரிலிருந்து மூன்று நிபுணர்கள் வந்திருந்தார்கள். நீண்ட மேசையின் ஒரு முனையில் அவர்கள், மறுமுனையில் திரைக்குப் பக்கத்தில் அக்கா. அறையை இருட்டாக்கியிருந்தார்கள். இருட்டில் அவருக்கு முகங்கள் இல்லை. இது எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும், எழுந்து ஒரு விளக்கைப் போட்டிருக்கலாம். ஒரு விளக்கு. வந்தவர்களில் மூத்தவர் மீசைக்குள்ளேயே பேசுகிறவர். "இதை எத்தனை பேருக்கு வச்சுப் பாத்தீங்க?" என்று கேட்டார்.

"பதினாறு பிட் சார்," என்றார் அக்கா.

"பேருக்கும்மா, பேருக்கு."

"பதினாறே போறும் சார். இருபத்துநாலு வேண்டாம்."

எண்ணுக்கு எத்தனை பிட் என்று கேட்பதாக அவர் எடுத்துக்கொண்டிருந்தார். அறை சிரித்தது. நானும்கூடப் பழக்கத்தில் உதட்டைச் சுளித்தேனோ என்னவோ, சத்தியமாக எனக்கு நினைவில்லை. சிரிப்பு அவருக்குத் தெரிந்தது, காரணம் தெரியவில்லை. அவரும் கூடவே சிரிக்க முயன்றார். மூத்தவர் காகிதங்களை மூடிவைத்து, கேட்கிற கேள்வியைக் கவனிக்கக்கூடப் பொறுமையில்லாதவரிடம் இந்தத் திட்டம் எதற்கு என்று சாரிடம் ஆங்கிலத்தில் சொன்னார். மூன்று மாதத்துக்குள் சாருடைய முறைக்கு மாற வேண்டும், இல்லாவிட்டால் வேறொரு மாணவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

அன்று மாலை நான் சாரின் அறைக்குப் போனேன். அக்காவுக்காகத்தான் போகிறேன் என்று படியேறும்போது பலமுறை சொல்லிக்கொண்டேன். இன்றைக்கும் அது பொய்யில்லை. ஆனால், எல்லோரும் தப்பாக நினைக்கும் ஒருவரைப்பற்றிய உண்மை எனக்கு மட்டும் தெரியும் என்கிற கனமும் என்னை அந்தப் படிகளில் தள்ளிக்கொண்டு போனது. அதையும் சொல்லியாக வேண்டும். நான் சொல்லி முடித்ததும் சார் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. "இத்தனை நாளா எங்கிட்ட சொல்லணும்னு யாருக்குமே தோணலையே," என்றார். அவர் அன்றே நிபுணர்களுக்குக் கடிதம் எழுதினார். மூன்று மாதக் கெடு ஒரு வருடமாயிற்று. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்து விடுதிக்குப் போய் நன்றாகத் தூங்கினேன்.

மறுவாரத்திலிருந்து சார் அக்காவிடம் உரக்க, ஒவ்வொரு சொல்லாக இடைவெளி விட்டுப் பேசத் தொடங்கினார். உதட்டைப் படிக்கிறவருக்கு அதைவிடக் கஷ்டம் இல்லை, வாய் கோணிக்கொள்ளும். லேபுக்கு யார் வந்தாலும் அக்காவின் தோளுக்குப் பின்னால் நின்று, "இவங்களுக்கே காது கேக்காது. அதனாலதான் இவ்வளவு உயிரைக் குடுத்து வேலை பாக்கறாங்க," என்று பெருமையோடு சொல்வார். பின்னால் நின்று சொன்னதால் அக்காவுக்கு அது பல நாள் தெரியவே இல்லை. ஒருநாள் செய்தித்தாளிலிருந்து ஒருவர் கேமராவோடு வந்தார். சோதனைப் பலகையைக் கையில் பிடித்துக்கொண்டு சிரிக்கச் சொன்னார்கள். எதற்குப் படம் என்று அக்கா கேட்டபோது சார் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினார். அவர் அதைப் படித்தார். பிறகு அறையின் மறுகோடியில் நின்ற என்னைப் பார்த்தார். உதடு படிக்கிறவர் பார்க்கும் பார்வையில்லை அது. நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை என்று தெரிந்த பார்வை.

மறுநாள் காலை பஸ்ஸில் எனக்கு முன்பே ஏறியிருந்தார். ஜன்னலோரம் காலியாக இருந்தது. அவர் வழிப்பக்கமாக உட்கார்ந்துகொண்டு, நான் உள்ளே போகக் காலை ஒதுக்கிக்கொடுத்தார். நான் போய் ஜன்னலருகே உட்கார்ந்தேன். அவருடைய இடது காது என் பக்கம். அம்மா மண்டபம், காவிரிப் பாலம், சத்திரம் பேருந்து நிலையம் எல்லாம் கடந்தன. நான் இரண்டு தடவை "அக்கா" என்றேன். அவர் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்காததுபோல நடிக்கவில்லை. கேட்கவில்லை, அவ்வளவுதான். அவர் என்னைத் திட்டவே இல்லை.

இரண்டாம் வருட மாணவர்களுக்கு வாரம் மூன்று வகுப்பு அவர் எடுத்துவந்தார். செய்தி வந்த பிறகு ஒரு விளையாட்டு ஆரம்பித்தது. சத்தமே வராமல் உதட்டை மட்டும் அசைத்துக் கேள்வி கேட்பார்கள். அவர் பதில் சொன்னால் வகுப்பு சிரிக்கும். அவர் போர்டுப் பக்கம் திரும்பும்போது கோரஸாகப் பேசுவார்கள். கொடியவர்கள் இல்லை, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள். ஒரு மதியம் அவர் சாக்பீஸை டெஸ்க்கில் வைத்துவிட்டு, கையிலிருந்த பொடியைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தார். லேபுக்கு வந்து மேசையைச் சுத்தம் செய்தார். கட்டம் போட்ட தாள்களை மொத்தமாக அடுக்கி, மேலே ஒரு ரப்பர் பேண்டு போட்டுச் சாரின் மேசையில் வைத்தார். அதோடு அவர் கல்லூரிக்கு வரவில்லை.

வேலை பாதியில் நிற்கக் கூடாது என்று சார் அதை என்னிடம் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்குத் திராணியில்லை. எனக்கும் பட்டம் வேண்டியிருந்தது. அக்காவின் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினேன். உங்கள் வடிவத்தைத் தொடரட்டுமா என்று கேட்டிருந்தேன். மன்னிப்பு என்று நான் தட்டிய வரியை அனுப்புவதற்கு முன் அழித்துவிட்டேன், எழுத்தில் கேட்பது கோழைத்தனமாகப் பட்டது. மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது. "எடுத்துக்கோ. டிலேயை மட்டும் விட்டுக்கொடுக்காதே."

விட்டுக்கொடுக்கவில்லை. அவர் இருந்திருந்தால் எட்டு மாதத்தில் முடிந்திருக்கும் வேலை எனக்கு இரண்டரை வருடம் பிடித்தது. தாளில் அவர் பென்சிலால் விட்டுவைத்திருந்த பல இடங்களில், அவர் எதை நினைத்து அந்தக் கோட்டைப் போட்டார் என்று தெரியாமல் வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்தேன். கேட்டிருக்கலாம். ஐந்து நிமிட நடை. நான் அவர் தெரு வழியாகப் போவதையே நிறுத்தி, சுற்றுவழியாக விடுதிக்குப் போய்க்கொண்டிருந்தேன். கடைசியில் சிப் தயாராகி வந்தது. தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி, அதிலிருந்து காதுக்குப் போகும் மெல்லிய ஒயர். முதல் பெட்டியில் அக்காவின் வலது காதுக்கு உண்டான எண்களையே ஏற்றினேன். வேறு யாருடையதையும் ஏற்றக் கை வரவில்லை. அதை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

அம்மா திறந்தார். நெற்றி வெறுமையாக இருந்தது. "வாம்மா. தெரியாதா நோக்கு? அவர் பரமபதிச்சு பத்து மாசம் ஆறது," என்றார். கூடத்தில் பெருமாள் உள்ளுக்கு முன்னால் ஒரு மணை மட்டும் கிடந்தது. அக்கா கொல்லைப்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். அவர் வருவதற்குள் அம்மா தணிந்த குரலில் சொல்லிக்கொண்டே போனார், இத்தனை நாள் யாரிடமும் சொல்ல வாய்க்காதவர்போல. "பேப்பர்ல பாத்துதான் அவருக்கே தெரிஞ்சது, குழந்தைக்கு இவ்வளவு கேக்கலைன்னு. ஒண்ணும் சொல்லலை. மறுநா காத்தாலேர்ந்து சத்தம் போட்டுச் சேவிக்க ஆரம்பிச்சுட்டார். தெருக்கோடி வரைக்கும் கேக்கும். சத்தம் போட்டா அவளுக்குக் கேக்கும்னு நெனைச்சுண்டார். வயசான தொண்டை, ரெண்டே மாசத்துல கட்டிப்போச்சு. அப்புறம் காத்துதான் வந்துது. அவளும் தினம் முன்னாடி போய் உக்காந்துண்டு, கேக்கறதுப்பா, நன்னா கேக்கறதுப்பான்னு சொல்லிண்டே இருந்தா."

அக்கா வந்தார். தலையில் ஒன்றிரண்டு நரை. என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை; காபி குடிக்கிறாயா என்று கேட்டார். வீட்டிலிருந்தபடியே பாடப்புத்தகங்களுக்குக் கணக்குகளைச் சரிபார்த்துக் கொடுக்கும் வேலை செய்வதாகச் சொன்னார். நான் பெட்டியை எடுத்து வைத்தேன். அவர் அதைப் புரட்டிப் பார்த்து, எத்தனை கூட்டல் என்று கேட்டார். சொன்னேன். "இன்னும் ரெண்டு எடுத்திருக்கலாம்," என்றார். பிறகு கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வலது காதில் பொருத்திக்கொண்டார். ஸ்விட்சைப் போட்டேன்.

அவர் முதலில் தன் பெயரைச் சொன்னார். மெதுவாக, ஒருமுறை. பிறகு இன்னொரு முறை. தலையைச் சாய்த்து, யாராவது பின்னால் நிற்கிறார்களா என்று காத்திருப்பவரைப்போல இருந்தார். யாரும் நிற்கவில்லை. "ஒரு தடவைதான் கேக்கறது," என்றார். அடுக்களையில் அம்மா தாளித்தார். கடுகு வெடிக்கும் சத்தத்துக்கு அக்கா சட்டென்று திரும்பினார், அங்கேயே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தை அவர் ஒன்பதாம் வகுப்போடு விட்டிருந்தார். பிறகு அவர் கண்கள் அந்த வெறும் மணைக்குப் போய்த் திரும்பின.

"நீ ஏதாவது பேசு," என்று சொல்லிக் கண்களை மூடிக்கொண்டார். உதடுகளைப் பார்க்காமல் கேட்பதற்காக.

நான் பல மாதங்களாகத் தயார் செய்துவைத்திருந்த எதுவும் வரவில்லை. "என்னை மன்னிச்சிருங்கக்கா," என்றேன்.

அவர் கண்ணைத் திறக்கவில்லை. "'ச்' நன்னா விழறது," என்றார். "இன்னொரு தடவை சொல்லு."

"மன்னிச்சிருங்க."

"ம். இன்னும் ஒரு தடவை."

மூன்றாவது தடவையும் சொன்னேன். அவர் கண்ணைத் திறந்து, கருவியைக் கழற்றி, ஒயரைச் சுற்றி, பெட்டியை என் கையில் வைத்தார். "நல்ல ஃபில்டர்டி. பிசிறே இல்லை. ஆனா இது என் காதுக்குன்னு போட்டது, வேற யாருக்கும் ஒத்துக்காது. இந்த நம்பரையெல்லாம் அழிச்சுட்டு, யாருக்காவது வேண்டியவாளுக்குப் போட்டுக் குடு." நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் அக்கா என்று நான் கெஞ்சினேன். அவர் இப்போது என் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார், எனவே புரிந்திருக்கும். "நான் கேக்கணும்னு ஆசைப்பட்டது ஒண்ணுதான்," என்றார். "காபி ஆறிண்டிருக்கு, குடி."

அந்த வருடமே அவரும் அம்மாவும் வீட்டைக் கொடுத்துவிட்டு, பெங்களூரில் இருந்த அக்காவின் தம்பி வீட்டோடு போய்விட்டார்கள். பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. என் ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் நன்றி என்று ஒரு பத்தியில் அவரைக் குறிப்பிட்டிருக்கிறேன். மற்ற இருநூறு பக்கமும் என் பெயரில் இருக்கிறது. இப்போது நானும் ஒரு கல்லூரியில் ஆசிரியை. என் மாணவர்களில் யாராவது ஒருவர் எதையோ மறைக்கிறார் என்று தெரிந்தால் நான் கேட்பதில்லை. இருட்டாக்கிய அறையில் ஒரு விளக்கை மட்டும் எரியவிடச் சொல்கிறேன்.

அக்கா வீட்டுக்குப் போய்வந்த மறுநாள், திங்கட்கிழமை, பெட்டியை லேபில் கம்ப்யூட்டரோடு இணைத்தேன். துவாக்குடிப் பக்கம் ஒரு இரும்புப் பட்டறையில் இருபது வருடம் கிரைண்டர் பிடித்துக் காது போன ஒருவர், காது ஆஸ்பத்திரியின் சிபாரிசோடு சோதனைக்கு வந்து வெளியே பெஞ்சில் மனைவியோடு காத்திருந்தார். அவருடைய காதின் அளவுகள் என் முன்னால் இருந்தன. பழைய எண்களின் மேல் புதியதை எழுதவா என்று திரையில் கேள்வி வந்தது. பதினாறு வரிசை எண்கள். ஒவ்வொன்றையும் ஒருமுறை வாய்விட்டுப் படித்தேன். பிறகு ஆம் என்று அழுத்தினேன். அதற்கு ஒரு விநாடிகூட ஆகவில்லை. வெளியே போய் அந்த மனிதரை உள்ளே வரச் சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. மனைவி அவர் தோளைத் தொட்டு எழுப்பினார்.